என் கைக்கு ஒத்துவராத கையுறை

நான் வீட்டில் கரண்டியால் சோறு சாப்பிடத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் என் கணவர். இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் மத்தியானம், மீன் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"என்ன, நீர் ஹோட்டல்காரர் மாதிரிக் கரண்டியோட இருக்கிறீர்? கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. கண்ட கண்ட மருந்தெல்லாம் பிடிக்கிற கை. எவ்வளவு கழுவினாலும் மணம் போகுதில்லை."

பொய்தான் சொன்னேன். என் விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. குழம்பின் புளியும் மிளகாய்த்தூளும் பட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

நான் திருகோணமலையில் அம்புலன்ஸ் வண்டியில் வேலை செய்கிறேன். வீடு பாலையூற்றில். வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவர் ஒருவர், நோயாளியோடு பின்னால் இருந்து பார்க்கிறவர் ஒருவர். பின்னால் இருப்பது நான். ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர், என்னைவிடப் பதினைந்து பதினாறு வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். வண்டியில் ஏறிய முதல் நாளிலிருந்து அவரோடுதான் வேலை.

வண்டியில் எல்லாம் இருக்கும். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பை உண்டு. என்னுடையது இடுப்பில் கட்டுகிற கறுப்புப் பை. துணி வெட்டுகிற மொட்டைமுனைக் கத்தரிக்கோல், சிறிய டோர்ச், முகக்கவசம் இரண்டு, பிளாஸ்டிக் கண்ணாடி, பேனை, தலைமுடிக் கிளிப், ஒரு சோடி காலுறை. காலுறை ஏன் என்றால், மழைக்காலத்தில் தம்பலகாமத்து வயல் பக்கம் ஒரு அழைப்பு வந்தால் சப்பாத்துக்குள் சேறு போகாமல் திரும்ப முடியாது. இவற்றோடு எப்போதும் ஆறேழு சோடி கையுறைகள். வண்டிக்குள் போய்ப் பெட்டியிலிருந்து இழுத்தெடுக்க நேரமில்லாத இடங்களுக்கு அது. றோட்டில் விழுந்து கிடக்கிற ஆளிடம் ஓடும்போதே நான் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடுவேன். எங்களுக்குக் கொடுத்தவை வெள்ளைக் கையுறைகள். இறப்பர் பாலில் செய்தவை. உள்ளே மாவு போட்டிருக்கும், இழுத்தால் சுலபமாக ஏறும்.

கையில் முதலில் வந்தது சின்னச் சின்னச் சொறி. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் தொடங்கியது. கைகழுவும் மருந்தின் வேலை என்று நினைத்தேன். பிறகு, வண்டி கழுவும் குளோரீன் தண்ணீர் என்று நினைத்தேன். தேங்காயெண்ணெய் பூசினேன். பாமசியில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். இரண்டு நாள் லீவு எடுத்தால் குறையும், வேலைக்குப் போனால் திரும்பி வரும். அதிலிருந்தாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கையை மறைக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது கிண்ணியாவில் ஒரு வீட்டில். காய்ச்சல் கூடி வலிப்பு வந்த இரண்டு வயதுப் பிள்ளை. நாங்கள் போகும்போது வலிப்பு நின்றிருந்தது. பிள்ளையின் நாடியைப் பார்க்க நான் கையை நீட்டினேன். அவசரத்தில் கையுறை போட மறந்துவிட்டேன். தாய் பிள்ளையைச் சட்டென்று மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், உங்கட கைக்கு என்ன? புள்ளையத் தொடாதீங்க. கோவிக்க வேணாம், தொடாதீங்க."

நான் கோபிக்கவில்லை. வெடித்துச் சிவந்து, ஓரங்களில் நீர் கசிகிற ஒரு கை தன் பிள்ளையைத் தொட வந்தால் நானும் அப்படித்தான் இழுத்திருப்பேன். பையிலிருந்து ஒரு சோடியை எடுத்து மாட்டினேன். அவள் பிள்ளையைத் தந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் கண் என் மணிக்கட்டிலேயே இருந்தது.

அன்றிலிருந்து நான் கையுறையைக் கழற்றுவதே குறைவு. நோயாளியை ஒப்படைத்த பிறகு படிவம் நிரப்பும்போதும் புதிதாக ஒரு சோடி போட்டுக்கொண்டு எழுதுவேன். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன்னால் உடல் பரிசோதனை இருக்கும். தோல் வியாதிக்காரி என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. அதனால் நோயாளியிடமிருந்தும், கூட வேலை செய்கிறவர்களிடமிருந்தும், எங்களுக்கு மேலே இருக்கிற பெரியவர்களிடமிருந்தும் கையை மறைத்தேன். மறைக்க மறைக்கப் புண் மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி, கையுறை முடிகிற இடத்தில், வளையல் போட்டதுபோல ஒரு தடிப்பு வந்தது.

அந்த வருடம் என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். வீட்டில் சின்னதாகச் செய்தோம். பத்துப் பதினைந்து பலூன் ஊதினேன். கேக் வெட்டுகிற நேரத்தில் என் உதடு இரண்டும் தடித்துப் போய்விட்டன. மகள் என்னைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். என் பெரியம்மா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "இறால் கட்லட் சாப்பிட்டனியெல்லே? உனக்கு இறால் ஒத்துக்கொள்ளேல்லைப் பிள்ளை" என்றார். நான் நம்பிவிட்டேன். இறால் என்றால் எனக்கு உயிர். அன்றோடு விட்டேன். பிடித்த சாப்பாட்டை மாதக்கணக்காக வீணாகத் தள்ளிவைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினேன். நானா வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். ஆஸ்பத்திரி மதிலோரம், ஊருக்குள் பழகித் திரிகிற மான்கள் இரண்டு யாரோ கொட்டிய மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தன.

"தங்கச்சி, இறங்குங்க" என்றார்.

"ஏன் நானா?"

"இண்டைக்குத் தோல் கிளினிக் இரிக்கி. நான் கேட்டுட்டன். அங்க நேர்ஸ் மிஸ் ஒராளிட்டச் சொல்லியும் வெச்சிருக்கன். போய்க் காட்டிட்டு வாங்க. கோல் வந்தா நான் வந்து கூப்பிடுறன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "கைக்கு ஒண்டுமில்லை நானா" என்றேன்.

"நான் கை எண்டு சொன்னனா?"

கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஆறு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன்" என்றார் அவர். "நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இருந்தன். சொல்றாப்போல இல்ல."

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வண்டியைக் குளோரீன் போட்டுக் கழுவுவது எங்கள் இருவரின் வேலை. ஆனால் கொஞ்சக் காலமாக அவர் என்னை வாளியைத் தொட விடுவதில்லை. "நீங்க படிவத்த எழுதுங்க, இத நான் பாக்கன்" என்பார். என் துடைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, சுத்தத்தில் கொஞ்சம் கெடுபிடியான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கணவரிடம் அதைக் குறையாகவும் சொல்லியிருக்கிறேன்.

இறங்கிப் போனேன்.

கிளினிக்கில் இருந்தவர் ஒரு பெண் டொக்டர். சிங்களவர். தமிழ் மெதுவாக, பிழையில்லாமல் பேசினார். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. மணிக்கட்டுத் தடிப்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பலூன் ஊதினால் வாய் வீங்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பிடித் தெரியும் டொக்டர்?"

"பப்பாப்பழம், வாழைப்பழம் சாப்பிட்டால் தொண்டை அரித்துக் கடிக்குமா?"

"பப்பாப்பழம் கடிக்கும். அது எல்லாருக்கும் கடிக்கும்தானே?"

அவர் சிரித்தார். எல்லாருக்கும் கடிக்காதாம். இறப்பர் பால் ஒத்துவராத சிலருக்குத்தான் கடிக்குமாம். கையை மறைக்கப் போட்ட கையுறைதான் கையைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை அவர் எனக்கு ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இரத்தமும் எடுத்துப் பார்ப்போம் என்றார். இறால் சாப்பிடலாமா என்று கேட்டேன். "ஐயோ, தாராளமாக!" என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடிதம் எழுதினார். இறப்பர் கையுறை இவர் போடக்கூடாது, இவர் வேலை செய்யும் வண்டியிலும் அது இருக்கக்கூடாது, இறப்பர் இல்லாத நீலக் கையுறைகள் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. "இதை இன்றைக்கே உங்கள் பெரியவரிடம் கொடுங்கள். இவ்வளவு நாளும் தோலோடு நின்றது. அடுத்த முறை மூச்சில் போய் நிற்கலாம்" என்றார்.

கடிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்புப் பையின் உள் அறையில் வைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு என் கணக்கு வேறு. நிரந்தரமாகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம், பிறகு கொடுப்போம் என்று நினைத்தேன். நீலக் கையுறையை நானே பாமசியில் வாங்கிக்கொண்டேன். ஒரு பெட்டியை வீட்டு அலுமாரியில் வைத்து, காலையில் எட்டுச் சோடியை எண்ணியெடுத்துச் சுத்தமான ஒரு துணியில் சுற்றிப் பையில் வைப்பேன். கை ஆறத் தொடங்கியது. இரண்டு வாரம் போய் மூன்றாம் கிழமை, கரண்டியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கையால் சாப்பிட்டேன்.

கிளினிக்கில் சொன்னதையெல்லாம் நானாவிடம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நாள் கேட்டார். "டொக்டர் தந்த கடுதாசியக் குடுத்தாச்சா?"

"ஓம் நானா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். என் பையில் நீலத்தைக் கண்டிருந்ததால் அவர் நம்பிவிட்டார்; பின்பக்கப் பெட்டிகளைப் பார்ப்பது என் வேலை.

அந்தப் பொய் பிடிபட்ட நாள் காலையில் தம்பலகாமத்துப் பக்கம் ஒரு ட்ரக்டர் பெட்டி வாய்க்காலுக்குள் சரிந்துவிட்டது. வேலைக்குப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் அதில் இருந்திருக்கிறார்கள். உயிருக்கு மோசமில்லை. ஆனால் தலை உடைந்தவர், கை முறிந்தவர், காலில் தகரம் கிழித்தவர் என்று ஆளுக்கொரு காயம். ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போகும்போது கையுறையை மாற்றவேண்டும். மூன்று தரம் ஆஸ்பத்திரிக்கும் வாய்க்காலுக்குமாக ஓடினோம். கடைசி ஆளை ஒப்படைக்கும்போது பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. பையிலிருந்த எட்டுச் சோடியும் முடிந்திருந்தன. பாமசிக்குப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். சோற்றுப் பார்சலும் பிரிக்காமல் கிடந்தது. அப்போது அழைப்பு வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில், வள்ளமொன்றில் வலை இழுக்கிற வின்ச் பொறியில் ஒருவரின் கை அகப்பட்டுவிட்டது.

"பாமசிக்குப் போகோணும் நானா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வண்டியைத் திருப்பிவிட்டார்.

காயப்பட்டவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெரிய வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். கவிழ்த்துப் போட்ட ஒரு மீன் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையை யாரோ ஒரு சாரத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் சீமெந்தில் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர், "வாங்கோ மகள். இந்த வின்ச்சுக்கு நான் எத்தினை தரம் வைத்தியம் பாத்தனான், அதுக்கு நன்றியைப் பாருங்கோ" என்றார். அதிர்ச்சியில் சிலர் அப்படித்தான் நிறையப் பேசுவார்கள். இவர் எப்போதுமே அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

பையைத் திறந்தேன். வெறும் துணி. நானா வண்டிக்குள்ளிருந்த கையுறைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது பழைய வெள்ளைதானே?" என்றார். "உங்களுக்கு நீலம் வந்திருக்கணுமே?"

நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. அவரே ஒரு சோடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் சாரத்தை அவிழ்த்தார். இரண்டு விரல் நசுங்கி, உள்ளங்கையிலிருந்து முழங்கைப் பக்கமாக ஆழமாகக் கிழிந்திருந்தது. நானா பஞ்சை வைத்து அழுத்தினார், சுற்றிக் கட்டினார். இரத்தம் மட்டுப்பட்டது. அதுவரை சரி. ஆனால் வண்டியை ஓட்ட வேண்டியவரும் அவர்தான்.

மீன் விற்கிற ஒரு பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இரண்டு புதுப் பொலித்தீன் சொப்பிங் பை கேட்டு வாங்கி, கைகளில் மாட்டி, மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டினேன். எஞ்சின்காரர் பார்த்துவிட்டு, "என்ன மகள், என்னைப் பாரை மீன் மாதிரிப் பிடிக்கப் போறீங்களோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை.

"மெதுவா அழுத்திப் பிடிச்சாப் போதும்" என்றார் என்னிடம். "வெள்ளையத் தொடாதீங்க."

முதல் கொஞ்சத் தூரம் அப்படியே போனது. நான் கட்டின்மேல் பையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின்காரர் வின்ச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது அவர் உடம்பு சரிந்து, கட்டு நழுவிவிட்டது. உள்ளே அடங்கியிருந்த இரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. பை வழுக்கியது. முடிச்சைப் பிடிக்க முடியவில்லை. அவருடைய கதை குறைந்து, முகம் வெளிறத் தொடங்கியது.

யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் டொக்டரின் முகமும் ஞாபகம் வந்தது. பைகளைக் கிழித்தெறிந்துவிட்டு வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு சோடியை இழுத்தேன். மூடிய வண்டிக்குள் மாவு பறந்தது. கையில் ஏற்றிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, புதுப் பஞ்சு வைத்து, மேலே அகலப் பட்டியைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். இரத்தம் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, "நல்ல இறுக்கம்" என்றார்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால் அரித்தது, சப்பாத்துக்குள். காது சுடுவதுபோல் இருந்தது. மூன்று தும்மல். நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டேன். ஆனால் அது ஏற்கனவே உள்ளே போய்விட்டது. கண்மடல் கனத்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் யாரோ சன்னமாக விசிலடிப்பதுபோல ஒரு சத்தம்.

எஞ்சின்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "மகள், உங்கட முகம் வீங்குது."

நான் ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை. அவர் நல்ல கையால் முன்பக்கத் தடுப்பைப் படபடவென்று தட்டினார்.

"டிரைவர்! உங்கட மிஸ்ஸுக்கு ஏலாமக் கிடக்கு! எனக்கில்லை, அவவுக்கு! கெதியா விடுங்கோ!"

நானா கண்ணாடியில் என்னைப் பார்த்ததை நானும் பார்த்தேன். சைரன் சத்தம் மாறியது. அவர் தொலைபேசியில் ஆஸ்பத்திரியோடு கதைப்பது கேட்டது. இரண்டு நோயாளி என்று சொன்னார்.

ஒட்சிசன் முகமூடியை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். நோயாளியின் படுக்கைக்குக் கீழே, வண்டித் தரையில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து எஞ்சின்காரர் என்னோடு கதைத்துக்கொண்டே வந்தார். "என்னைப் பாருங்கோ. தலையை ஆட்டுங்கோ. என்ர கட்டை நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் மூச்சை விடுங்கோ. பிள்ளை இருக்கோ? ஒண்டோ, ரெண்டோ? விரலைக் காட்டுங்கோ." நான் ஒரு விரலைக் காட்டினேன். "ஆணோ? பெண்ணோ? பெண்ணெண்டால் தலையை ஆட்டுங்கோ." ஆட்டினேன். நோயாளியை மயங்க விடாமல் வைத்திருக்க நாங்கள் கேட்கிற கேள்விகள் அவை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ட்ரொலி காத்திருந்தன. எனக்குத் தொடையில் ஊசி போட்டார்கள். அந்த மருந்தின் வேகத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் இறங்கியது. காற்று முழுதாக உள்ளே போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஊசி போட்ட நேர்ஸ், கிழமைக்கு நாலு தரம் என்னிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பெடுக்கிறவள். "நீ எப்பிடியடி இந்தப் பக்கம் வந்தனி?" என்று கேட்டுக்கொண்டே என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

எனக்கும் எஞ்சின்காரருக்கும் நடுவில் ஒரு திரைதான். அவரைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போகும்வரை அந்தத் திரையை அவர் விலக்கியே வைத்திருந்தார். ஒரு விரலின் நுனி போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். "ஒம்பதரை விரலாலையும் எஞ்சின் திருத்தலாம்" என்றார். சொல்லிவிட்டு, மற்றக் கையின் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

அவருடைய மனைவி ஒரு போத்தலில் பால் விடாத பிளேன்டீயோடு ஓடிவந்தா. அவரைப் பார்த்துக் கொஞ்சம் அழுது, கொஞ்சம் ஏசி முடிந்த பிறகு, வீங்கிய முகத்தோடு பக்கத்தில் கிடந்த என்னைக் கண்டா.

"இது ஆர்?"

"இவதான் என்னைக் கொண்டுவந்த அம்புலன்ஸ் மிஸ்."

மனைவி என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. "அப்ப ஆர் ஆரைக் கொண்டுவந்தது?" என்றா.

சிரித்தால் எனக்கு இருமல் வந்தது. அவ பிளேன்டீயை இரண்டு கோப்பையில் ஊற்றினா. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் ஒன்றும் குடிக்கக்கூடாது என்று நேர்ஸ் தடுத்ததால், என் பங்கோடு அவருடைய பங்கும் எனக்கே வந்தது.

பின்னேரம் வேலை முடிந்து நானா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "கடுதாசி எங்க?" என்றார்.

தலைமாட்டில் இருந்த பையைக் காட்டினேன். அவர் திறந்து, உள் அறையிலிருந்து எடுத்தார். மடிப்புக்கூடக் கலையாத கடிதம். விரித்து முழுவதையும் படித்தார்.

"நான் கேட்டன். நீங்க ஓமெண்டு சொன்னீங்க."

"நிரந்தரமாகட்டும் எண்டு இருந்தனான் நானா. பிழைதான்."

"எனக்குப் பின்னால, என்ர வண்டிக்குள்ள, உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தா, உங்கட புள்ளைட மூஞ்ச நான் எப்பிடிப் பாக்கிற?" குரலை உயர்த்தவில்லை. வெளியே ஆட்கள் போய்வருகிற சத்தத்தில் அதைக் கேட்க நான் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. "உங்களுக்கு நான் ஓட்டிற ஆள் மட்டுந்தானா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். ஆனால் அந்தத் தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கடிதத்தைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இத நானே குடுக்கன்" என்று எழும்பிப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் கைகளை எடுத்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

நான் பயந்ததுபோல வேலை போகவில்லை. பெரியவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை முதலே தந்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கிற வேலை" என்றார். இரண்டு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் வண்டியை முழுதாகக் கழுவித் துடைத்து, இறப்பர் உள்ள எல்லாவற்றையும் இறக்கிவிட்டு நீலப் பெட்டிகளை ஏற்றினார்கள். உடல் பரிசோதனையில் ஒரு டொக்டர் இதைப் பற்றிக் கனக்கக் கேள்வி கேட்டதால் என் நிரந்தரக் கடிதம் மற்றவர்களுக்கு வந்து சில மாதங்களுக்குப் பிறகுதான் வந்தது. வந்தது, அவ்வளவுதான். இப்போதும் புதிதாக ஒருவர் மாற்றாக வண்டியில் ஏறினால், அவருடைய பையில் வெள்ளைக் கையுறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஏறுவேன். கேட்பதற்கு வெட்கமில்லை.

நானாவோடுதான் நாள் எடுத்தது. நான் திரும்பிப் போன பிறகு அவர் என்னோடு மரியாதையாகத்தான் இருந்தார். இடம் சொல்வார், நேரம் சொல்வார், நோயாளியைத் தூக்க வருவார். முன்புபோல வண்டி நிற்கிற நேரங்களில் ஊர்க் கதை, வீட்டுக் கதை ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். நானும் வலிந்து போய்க் கதை கொடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

ஒரு முற்பகல், உப்புவெளியில் தலைச்சுற்று என்று போன அழைப்பு ஒன்றுமில்லாமல் முடிந்தது. அந்த அம்மா எங்களுக்குக் கதிரை போட்டு உட்கார வைத்துவிட்டு, தான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தா. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுத் தந்தா. திரும்பும் வழியில் நானா கடற்கரைப் பக்கம் ஒரு மர நிழலில் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும்."

"சொல்லுங்கோ நானா."

"எங்கட மூத்த மகளுக்கு மூதூரில இருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்திரிக்கி. பொடியன் ஸ்கூல்ல கணக்குப் படிப்பிக்கான். ஆள் நல்லம் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா, இவள மேல படிக்க விடுவானா எண்டு தெரியல்ல. அவளுக்கு நேர்சிங் படிக்க ஆசை. நேராக் கேட்டா அவங்க வீட்டாக்கள் என்ன நினைப்பாங்க? நீங்க எண்டா என்ன செய்வீங்க?"

நான் திரும்பி உட்கார்ந்தேன். "அவளிட்டக் கேட்டனீங்களோ, அவளுக்கு ஆளைப் பிடிச்சிருக்கோ எண்டு?"

"அத இன்னும் கேக்கல்ல."

"அப்ப முதல் அதைக் கேளுங்கோ. பேந்து அவங்களிட்ட நேராக் கேளுங்கோ. மறைக்கக் கூடாது நானா" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை உணர்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய மீசைக்குக் கீழே சிரிப்புப்போல ஏதோ அசைந்தது.

"படத்தைக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன்.

அவர் தொலைபேசியை எடுத்து மாப்பிள்ளையின் படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் விழுந்துவிட்டார். நானா தொலைபேசியை அப்படியே என் மடியில் வைத்துவிட்டுக் கியரைப் போட்டார்.

"நீங்களே தேடிப் பாருங்க" என்றார். "தொப்பி போட்டிருக்கிற பொடியன்."